இரண்டாவது குடம்

பூமயிலின் மகள் மகிஷாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் பிடித்துப் போன மறுநாள் காலையில், பூமயில் வீட்டு அடுப்படியின் சிமெண்டுத் தரை முதலில் வியர்த்தது, பிறகு நனைந்தது, பால்காரர் வருவதற்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. குழாய் உடைந்திருக்க வழியில்லை, அந்தத் தெருவில் குழாயே கிடையாது. மழையும் இல்லை, மழையைப் பார்த்து எங்களுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகிஷாவின் சின்ன எவர்சில்வர் குடம் எந்த மூலையில் இருக்குமோ அந்த மூலையிலிருந்துதான் ஊறியது. பக்கத்து வீட்டு ராக்காயி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, எளநியாட்டம்ல இருக்கு" என்றாள். அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை, அவரவர் வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்து வந்தோம்.

எங்கள் ஊருக்கு உப்போடை என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. கிணறு வெட்டினாலும் உப்பு, முந்நூறடிக்குப் போர் போட்டாலும் உப்பு, தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒருமுறை வருவதாகக் காகிதத்தில் இருந்தது, நாங்கள் அந்தக் காகிதத்தையும் பார்த்ததில்லை. குடிக்கிற தண்ணீருக்கு வறண்ட ஆற்றுக்குத்தான் போக வேண்டும். மணலில் ஆள் உயரத்துக்கும் மேல் குழி தோண்டி, ஒருத்தி உள்ளே இறங்கிக் கசிகிறதைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்ற, இன்னொருத்தி மேலே நின்று கயிற்றால் இழுக்க, ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். குழி குறுகல், பெரியவர்களால் உள்ளே குனிய முடியாது, அதனால் பெண்பிள்ளைகளை அனுப்புவோம். ஒரு குடத்துக்கு ஒருத்தி, அடுத்த குடத்துக்கு மற்றவள் என்று முறை வைத்து இறங்குவார்கள். பதினோரு வயது மகிஷாவும் ராக்காயியின் மகள் கோபிகாவும் ஜோடி. ஒரு சனிக்கிழமை, மகிஷா உள்ளே இருந்தபோது மணல் சரிந்தது. கோபிகா கயிற்றைக் கையில் பிடித்தபடியே ஊருக்குள் ஓடி வந்தாள். நாங்கள் போய்த் தோண்டி எடுத்தபோது பிள்ளையின் கையில் சிரட்டை இருந்தது. அன்று யாருடைய முறை என்று கோபிகாவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

பூமயில் வீட்டுத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டாது. பகலெல்லாம் மொண்டாலும் மறுநாள் விடியும்போது அதே அளவுக்கு வந்து நிற்கும். ஒரு வாரத்தில் முழங்கால் வரை ஏறியது. வார்டு மெம்பர் தவசி சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்து, கண்மாய் மதகில் போடுவதைப்போல அடுப்படிச் சுவரில் பத்துக் கோடுகள் போட்டார். பத்தாவது கோடு தொட்டால் ஊருக்கே போதும், அதற்குக் கீழே போனால் ஆளுக்கு ஒரு குடம் குறையும். வரிசைக்கு எண் கொடுத்தார். என் பச்சைக் குடம் முப்பத்தேழாவது.

பூமயிலுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டில் காலுக்கு ஆளுக்கு இரண்டு செங்கல் கொண்டுவந்து அடுக்கினோம், அடுப்பைத் தூக்கி பெஞ்சில் வைத்தோம், ஈரத்தில் விரலிடுக்கு வெந்துபோகாமல் இருக்க மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொடுத்தோம், வரிசையில் நிற்கிற வீடுகள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தோம். அவள் அதில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிடுவாள். காரியம் முடிந்ததும் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குத் திரும்பிப் போய்விட்ட அவள் புருஷன் சேதுராசு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் செய்வான். அவள் பேசாமல் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள், பக்கத்தில் இருக்கிற யாராவது வாங்கி, "நல்லாருக்காப்பா, ஒண்ணும் கவலப்படாத" என்று சொல்லி வைப்பார்கள். வரிசையில் யாரும் சிரிப்பதில்லை, போனில் பாட்டு வைப்பதில்லை. ஆரம்பத்தில் அது மரியாதைக்காக. பிறகு ஒருநாள் யாருடைய குழந்தையின் மழலையையோ கேட்டு பூமயில் லேசாகச் சிரித்துவிட, மறுநாள் தண்ணீர் அரைக்கோடு கீழே நின்றதிலிருந்து, அது முன்ஜாக்கிரதைக்காக.

"எல்லாரும் எளநிங்கறீங்க" என்று அவள் ஒருநாள் என்னிடம் சொன்னாள். "எனக்கு மட்டும் கரிக்குதுக்கா." நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. ஆற்றுக் குழிகளைக் காற்றே மணல் தள்ளி மூடிவிட்டது. பெண்பிள்ளைகள் முதல் மணி அடிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு ஆறியது, தலை சீவி ரிப்பன் கட்ட அவர்களுக்கு நேரம் கிடைத்தது. வாசலில் நின்று பூமயில் அவர்கள் போவதைப் பார்ப்பாள். ஒவ்வொருத்தியையும் எண்ணுகிற மாதிரி பார்ப்பாள்.

நான் தங்கபுஷ்பம், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவள். பூமயில் நெஞ்சு படபடப்பு என்று மூன்று தடவை வந்தாள். முதல் தடவை வாயு மாத்திரை, இரண்டாம் தடவை சத்து ஊசி, மூன்றாம் தடவை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "இதுல ஒண்ணுமில்லம்மா. செவ்வாய்க்கிழமை வாங்க, ஒருத்தங்க வருவாங்க, அவங்ககிட்ட பேசுங்க" என்றார்.

வந்தவர் பெயர் ஜெசிந்தா. தடுப்பூசி பிரிட்ஜ் வைத்திருக்கிற அறையில் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவார். ஊசி போடுவதில்லை, மாத்திரை எழுதுவதில்லை, வெறும் பேச்சு. வெறும் பேச்சுக்கு ஒரு ஆளை அரசாங்கம் வேலைக்கு வைக்குமா என்று ஊருக்கே சிரிப்பு. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரும் டீச்சர் என்றோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேஜை. காதைப் பொத்திக்கொண்டா சீட்டு எழுத முடியும்?

முதல் செவ்வாய் இருபது நிமிஷம் இரண்டு பேரும் பேசவே இல்லை. எழுந்து போய்விட்டார்களோ என்று எட்டிக்கூடப் பார்த்தேன். பிறகு பூமயில், "நெஞ்சு படபடங்குது டீச்சர்" என்றாள்.

"எப்பெப்ப வருது?"

"குடம் தரையில முட்டுற சத்தம் கேட்டா."

"அப்ப என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய. மோந்து குடுப்பேன்."

டீச்சர் அழவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எல்லாம் விதி, மறந்துரு, இன்னொண்ணு பெத்துக்கிடலாம் என்று ஊரே நூறு தடவை சொன்னதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. படபடப்பு வரும்போது ஓடாதீங்க, அது ஏறும், ஒரு உச்சிக்குப் போகும், தானா இறங்கும், இறங்குற வரைக்கும் மூச்ச எண்ணுங்க என்றார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை உங்களுக்காகச் செய்யுங்க, தலை சீவுறதா இருந்தாலும் சரி என்றார். அடுத்த செவ்வாய் பூமயில் தலை சீவி வந்தாள். அதற்கடுத்த செவ்வாய் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதாகச் சொன்னாள். ஐந்தாவது செவ்வாய் மகிஷாவுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னாள், விழுந்த பல்லைக் கூரையில் எறியச் சொன்னால் அந்தப் பிள்ளை தவசி மெம்பரின் மொட்டைத்தலையில் எறிந்ததைச் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு அழுதாள், அந்த அழுகை அரை மணி நேரம் நின்று பெய்தது. வெளியே வந்து என்னைப் பார்த்து, "அக்கா, பசிக்குது" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் தண்ணீர் ஐந்தாம் கோட்டுக்கு இறங்கியது. அடுத்த வாரம் நாலு.

வரிசையில் கடைசி இருபது வீடுகளுக்குக் குடம் கிடைக்கவில்லை. வெயில் என்றார்கள், யாரோ திருட்டுத்தனமாக மோட்டார் வைக்கிறார்கள் என்றார்கள், தவசி மெம்பர் ஒரு நோட்டு வாங்கிக் கோடுகளைத் தேதி போட்டு எழுதினார். எழுதிப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. என் குடம் முப்பத்தேழாவது. அன்று எனக்கு முன்னால் முப்பத்தைந்தோடு தண்ணீர் முடிந்தது. வீட்டில் மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு, உப்புத்தண்ணீர் ஆகாது. தவசி என்னிடம் நோட்டைக் காட்டினார். நான் பார்த்தேன். "செவ்வாக்கெழமைக்கு மறுநாளுதான் எறங்குது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

உப்போடை ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் பூமயிலைப் போய்ப் போகாதே என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் ஒரு வீட்டில் காதுகுத்து, இன்னொரு வீட்டில் பூப்புனித நீராட்டு, அத்தை இல்லாமல் எப்படி என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். செவ்வாயில் யாரும் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள், எங்கள் ஊரில் மட்டும் வைத்தோம். அப்படியும் அவள் பந்தியிலிருந்து எழுந்து இலையைக்கூட மூடாமல் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பிறகு தவசிக்கு ஒரு யோசனை வந்தது. துக்கத்தால் ஊறுகிற தண்ணீர் என்றால் துக்கத்தைக் கூட்டினால் தண்ணீர் கூடும். பக்கத்து ஊரிலிருந்து ஒப்பாரிக்குப் பேர்போன பொன்னாத்தாளை ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தார். இழவு வீட்டில் அவள் வாயைத் திறந்தால் கல்லாக நிற்கிற ஆம்பளையும் துண்டைத் தேடுவான். பொன்னாத்தாள் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள், பூமயிலின் தோளில் கை போட்டாள், பிள்ளை பெயரைச் சொல்லி, அது கட்டாத பாவாடையைச் சொல்லி, அது உட்காராத மணவடையைச் சொல்லிப் பாடினாள். நாங்கள் வாசலில் குடத்தோடு காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பூமயிலும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய், மாரடித்து, தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்துப் பாடினார்கள். சாயங்காலம் எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு, உடம்பு லேசாகி, நன்றாகப் பசித்து வீட்டுக்குப் போனோம். காலையில் தண்ணீர் இரண்டாம் கோட்டில் நின்றது.

டீச்சர் செய்கிற வேலையைத்தான் எங்கள் ஒப்பாரி காலங்காலமாகச் செய்து வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு ஒப்பாரியைத் தடை செய்தோம். இனிமேல் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பூமயில் காதில் விழும்படி யாரும் வாய்விட்டு அழக்கூடாது. சின்ன ஊர், அவள் காதில் விழாத இடம் என்று ஒன்று இல்லை.

டீச்சரைப் பற்றி மேலதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினோம். குறை சொல்லி அல்ல. இத்தனை திறமையான ஒருவர் இந்தச் சின்ன ஊரில் முடங்கிக் கிடப்பதைப் பார்க்க எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை, தயவுசெய்து பெரிய ஊருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று புகழ்ந்து எழுதினோம். நூற்று நாற்பது கையெழுத்து. என்னுடையது நல்ல கையெழுத்து என்பதால் மனுவை எழுதியதும் நான்தான். மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது.

கடைசி செவ்வாய்க்கு முந்தின நாள் ராக்காயி பரணில் கிடந்த கயிற்றை எடுத்து, எலி கடித்த இடங்களில் முடிச்சுப் போட்டு, கொல்லைச் சுவரில் வெயிலுக்குப் போட்டிருந்தாள். இரண்டாம் கோட்டுத் தண்ணீரை நம்பி எத்தனை நாள் இருக்க முடியும்? பூமயில் தன் அடுப்படி ஜன்னல் வழியாக அந்தக் கயிற்றைப் பார்த்தாள். செவ்வாய் காலையில் அவள் சுகாதார நிலையத்துக்கு நடந்து வரும்போது கோபிகா ஓடி வந்து கையைப் பிடித்து, "அத்தை, நான் இந்த வாட்டி ஃபர்ஸ்ட் ரேங்க்" என்றாள். அவள் உள்ளங்கை மெத்தென்று இருந்ததாம். உள்ளே வந்ததும் பூமயில் டீச்சரிடம் முதலில் சொன்னது அதைத்தான்.

டீச்சருக்குத் தண்ணீர் விஷயம் தெரியும். ஊரில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பாட்டில் கொண்டு வருகிற ஒரே ஆள் அவர்தான்.

"தண்ணி கொறையுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு அது எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு டீச்சர்."

"என்ன பயம்?"

பூமயில் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"இன்னையோட சரி, இனிமே நான் வர மாட்டேன்" என்றார் டீச்சர். "நீங்க சொல்லாத விஷயம் இன்னும் ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணுது. சொல்லியே ஆகணும்னு இல்ல. சொல்லணும்னா கேக்க நான் இருக்கேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன். வெளியே மருந்துக்கு நின்றவர்கள்கூட இருமவில்லை. "அன்னைக்கி மொதக் கொடம் கொண்டாந்துட்டா டீச்சர்" என்று பூமயில் ஆரம்பித்தாள். "குடிக்க அது போதும். நான்..." அங்கே நின்றாள். அவள் மூச்சு மேலே ஏறுவதும், அங்கேயே நிற்பதும், பிறகு விழுங்கப்படுவதும் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் மீண்டிருப்பாள். அன்றோடு தரையும் காய்ந்திருக்கும், அடுத்த நாள் காலையில் கோபிகா கயிற்றை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருப்பாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், எல்லோரையும்விட பூமயிலுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். "நல்லாத்தான் இருக்கேன்."

டீச்சர் என்னிடம் ஒரு ஓ.பி. சீட்டை வாங்கி அதில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். பூமயில் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் அவள் வீட்டில் தண்ணீர் பத்தாம் கோட்டையும் தாண்டி இடுப்பளவு நின்றது. அந்தச் சீட்டு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீச்சருக்குச் சால்வை போட்டு அனுப்பினோம். ராக்காயி கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

அதற்குப் பிறகு உப்போடை அமைதியான ஊர் ஆனது. சாவு விழுந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கிப் போனோம். புருஷன் அடித்தால் பெண்கள் அடுத்த வீட்டில் சொல்வதில்லை, பரீட்சையில் தோற்ற பையன் அப்பனிடம் சொல்வதில்லை, எது எங்கே போய் பூமயிலின் வாயைத் திறந்துவிடுமோ என்று எல்லோரும் எல்லாவற்றையும் அடக்கிப் பழகினோம். அந்த வருஷம் ஆடியில் தவசி மெம்பரின் மனைவி போய்ச் சேர்ந்தாள். அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றதை ஊரே மெச்சியது. பதினேழாம் நாள் அவர் வீட்டுக் கூடம் நனைந்திருந்தது. பிறகு டீக்கடைக்காரர் வீடு, பிறகு தபால்காரர் வீடு. வரிசை குட்டையானது. போன மாதம் என் அடுப்படியும் வியர்த்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மாமியார் சொல்கிறாள். நான் குடித்துப் பார்த்தேன், கரித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சென்ற திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் ஊறியது. அது கோபிகா உட்காருகிற இடம். வீட்டுக்கு அனுப்பினார்கள், வீட்டிலும் அவள் நின்ற இடத்தில் ஊறியது. ராக்காயிக்கு ஒரு பக்கம் பெருமை. இனி பூமயில் வீட்டு வரிசையில் காத்திருக்க வேண்டாம் என்று அரை மணி நேரத்தில் அவள் வாசலில் குடங்கள் வரிசை பிடித்தன. பழக்க தோஷத்தில் நானும் பச்சைக் குடத்தோடு போய் நின்றேன். பிள்ளை கணுக்கால் தண்ணீரில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு குடமாக மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தது.

பூமயில் வந்தாள். அவள் வீட்டைவிட்டு வெளியே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து உரிந்திருந்தது. வரிசை ஒதுங்கி வழி விட்டது. அவள் ஸ்டூலுக்கு எதிரே தண்ணீரிலேயே உட்கார்ந்தாள், கோபிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கி யாரு மொற ஆத்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க இந்த ஊரில் அவள் ஒருத்திதான் இருந்திருக்கிறாள்.

கோபிகா தலையைக் குனிந்துகொண்டாள். கணுக்காலில் நின்ற தண்ணீர் நாங்கள் பார்க்கப் பார்க்க ஒரு விரற்கடை ஏறியது.

"ஒம்மேல தப்பில்ல" என்றாள் பூமயில். "கேளு, நான் யாருட்டயும் சொல்லல. சேலை அலசணும்னு ரெண்டாவது கொடத்துக்கு அவள நாந்தான்..."

கோபிகா சட்டென்று ஈரக்கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்க அத்தை" என்றாள் மெதுவாக. "எறங்கிரும். வரிசையில இன்னும் ஆளு நிக்கிது."

பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் நகர்ந்ததும் நான் குடத்தை நீட்டினேன்.